மருத்துவச் செலவுக்கு ஊர் கூடி மொய் வாங்கினோம்: கணக்கு எழுதியவனின் அனுபவம்

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். பூ, தேங்காய், பலா எல்லாம் விளைகிற மண். ஆடி பிறந்தால் மொய் விருந்தும் களைகட்டும். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும் என்பதால் விசேஷ வீடுகளில் மொய் எழுதக் கூப்பிடுவார்கள். 2022 சித்திரையில் எதிர்வீட்டு அண்ணனின் ஆறு வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. ஊர்க்காரர்கள் கூடிப் பேசியபோது, "நீதானப்பா கணக்குப் பாக்குறவன், இதையும் நீயே பாத்துக்க" என்று என் தலையில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஏதோ ஒரு மாத வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டரை வருடத்துக்கு மேல் இழுத்தது. இப்போது சுற்றுப்பட்டு ஊர்களில் யார் வீட்டிலாவது பெரிய நோய் என்றால், "எப்படி வசூல் பண்ணுனீங்க?" என்று என் கடைக்கு வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல முடியவில்லை என்பதால் எழுதிவிடுகிறேன். பணம் சேர்ப்பது பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதுதான் இதில் இருப்பதிலேயே சுலபமான வேலை.

பையனுக்கு முதலில் விட்டுவிட்டு காய்ச்சல். கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்தான். முழங்காலுக்குக் கீழே அடிபடாமலே கன்றிப்போன மாதிரி நீலத் திட்டுகள். உள்ளூரில் டைபாய்டு என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள், ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று டானிக்கும் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, இங்கே வைத்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே பெரிய இடத்துக்குப் போங்கள் என்றார். அண்ணன் தேங்காய் மண்டியில் உரிக்கிற, ஏற்றுகிற வேலை செய்பவர். அண்ணி நூறு நாள் வேலைக்கும் பூப் பறிக்கவும் போவார். பதறிய அவசரத்தில் ஒரு நகரத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். அட்வான்ஸ், ஸ்கேன், ரத்தம், ஐ.சி.யூ. என்று ஒரு வாரத்துக்குள் 78,000 ரூபாய். அண்ணியின் தோடும் சங்கிலியும் அடகுக்கடைக்குப் போயின. அந்தப் பணம் போனதோடு போனது. அங்கே எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைகூடச் செய்யவில்லை, எழுதிக் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள்.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் ஏ.எல்.எல். என்று சொல்கிற வகைதான் அதிகம். முறையாகச் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுசாகக் குணமாகிவிடுகிறார்கள். சென்னையில் டாக்டர் இதைச் சொன்னபோது அண்ணன் நம்பவில்லை. எங்கள் பக்கம் 'கேன்சர்' என்றாலே முடிந்துவிட்டது என்றுதான் பேச்சு. நலம் விசாரிக்கப் போனவர்களில் பாதிப் பேர் துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடுதான் போனார்கள். உங்கள் ஊரில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் முதலில் இந்த ஒன்றையாவது தெரிந்துகொண்டு போங்கள். அடையாறு புற்றுநோய் நிலையம், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. என்று குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை தருகிற இடங்கள் இருக்கின்றன. முதல் வாரத்திலேயே இப்படி ஒரு இடத்துக்குப் போயிருந்தால் அந்தத் தோடு காதிலேயே இருந்திருக்கும்.

ஊரில் உண்டியல் தூக்குவதற்கு முன்னால் செய்யவேண்டியது காகித வேலை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 72,000 என்று இருந்த வரம்பை 2022 தொடக்கத்தில்தான் உயர்த்தியிருந்தார்கள். அண்ணனிடமும் ஒரு அட்டை இருந்தது. ஆனால் அது இறந்துபோன அவருடைய அப்பா பேரில் எடுத்த பழைய அட்டை. அதைவிடப் பெரிய சிக்கல், ரேஷன் கார்டில் பையன் பேரே இல்லை. மூத்த பெண் பேர் இருந்தது. இவன் பிறந்த பிறகு சேர்க்கணும், சேர்க்கணும் என்று சொல்லி, கஜா புயல், கொரோனா என்று ஒன்று மாற்றி ஒன்று வந்ததில் அப்படியே கிடந்திருக்கிறது. பையன் சென்னையில் படுத்திருக்கிறான், அப்பாவும் அம்மாவும் அங்கே. இங்கே பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று அரிசிப் பானைக்குள் எல்லாம் தேடினோம்.

ஊர் என்று ஒன்று இருப்பதன் பலன் எனக்குப் புரிந்தது இங்கேதான். ஒருவர் பணம் கொடுக்க வந்தார், "பணம் அப்புறம் குடு, உன் வண்டில வட்ட வழங்கல் அலுவலகம் வரைக்கும் வா" என்று அவரை ஏற்றிக்கொண்டு போனேன். வி.ஏ.ஓ. ஊருக்கே வந்து விசாரித்து வருமானச் சான்றுக்குப் பரிந்துரை செய்தார். ஊராட்சித் தலைவர் தாசில்தார் அலுவலகத்தில் நின்று வாங்கினார். கார்டில் பேர் ஏறியதும் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு முடிந்தது. மருத்துவமனையிலிருந்து அனுமதிக்கு அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகு நடக்கிற சிகிச்சைக்குத்தான் திட்டத்தில் பணம் வரும். ஏற்கெனவே கையிலிருந்து கட்டியதைத் திருப்பித் தரமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு நாள் தாமதமும் காசுதான். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம், எந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுவார்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதியும் இப்படித்தான். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும், செலவு செய்துவிட்டுப் பில்லைக் கொண்டுபோய் நீட்ட முடியாது. இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே வீட்டு ரேஷன் கார்டை எடுத்து, எல்லாப் பிள்ளைகளின் பேரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, மொய் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதிக்காரர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்போம். கல்யாணம், காதுகுத்து எதுவும் இருக்காது. கறிச்சோறு போட்டு மொய் வாங்குவதுதான் விசேஷமே. ஒருவர் வருடக்கணக்கில் மற்றவர்களின் விருந்துகளில் மொய் செய்துகொண்டே வருவார். அவர் முறை வரும்போது அவரும் விருந்து வைப்பார், செய்த மொய் கொஞ்சம் கூடுதலோடு திரும்பி வரும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, நோட்டுதான் சாட்சி. அந்தப் பணத்தில் போர் போட்டவர்கள், மாடி கட்டியவர்கள், பிள்ளையைக் காலேஜில் சேர்த்தவர்கள் எத்தனையோ பேர். வாங்கியதைத் திருப்பிச் செய்யாதவனை ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும்.

இந்தப் பழக்கம் இருக்கிற ஊரில் ஒருவருக்குச் சும்மா பணம் கொடுப்பது லேசான காரியம் இல்லை. ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று திரட்டி அண்ணனிடம் கொடுக்கப் போனோம். அவர் கையை நீட்டவே இல்லை. "தர்மக் காசுல எம்புள்ளைக்கு வைத்தியம் பாக்க மாட்டேன். எழுதிக்கங்க, மொய்யா எழுதிக்கங்க, நான் திருப்பிச் செய்றேன்" என்று பிடிவாதம். வேலைக்கும் போகமுடியாத மனுஷன், இன்னும் சில லட்சத்தை மொய்க்கடனாக ஏற்றிக்கொண்டால் எந்தக் காலத்தில் திருப்புவார்? கூட்டத்தில் இளவட்டங்களுக்குக் கோபம் வந்துவிட்டது, இந்த நேரத்தில் என்ன ரோஷம் என்று. எனக்கும் அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. வழி சொன்னவர் எழுபது வயதுப் பெரியப்பா ஒருவர். "அவன் நோட்ட எடுத்துட்டு வாங்கடா, யாரு யாரு அவனுக்குச் செய்யணும்னு பாப்போம்" என்றார்.

நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அண்ணன் கடைசியாக விருந்து வைத்தது கஜாவுக்கு முன்னால். அதற்கப்புறம் அடுத்தவர்களுக்குச் செய்துகொண்டே இருந்திருக்கிறார். 2018 நவம்பரில் கஜா அடித்துத் தென்னை எல்லாம் சாய்ந்தது, 2020இல் கொரோனா. இரண்டுக்கும் நடுவில் அவர் முறை தள்ளிப்போய்விட்டது. ஊரும் சுற்றுப்பட்டும் அவருக்குச் செய்யவேண்டிய பழைய மொய்யே மூன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தது. அவர் காசுதான், இன்னும் வந்து சேராத காசு. இதைக் கொண்டுபோய்ச் சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆடியில் அவர் பேரில் ஊரே விருந்து வைப்பது என்று முடிவானது. ஆடு இரண்டு பேர் கொடுத்தார்கள், அரிசி ஒரு மில்லிலிருந்து, வாழை இலை தோட்டங்களிலிருந்து, சமையல்காரர் கூலி வாங்கவில்லை. பந்தல், மளிகை என்று 41,000 ரூபாய் செலவு. அண்ணன் ஒருநாள் மட்டும் சென்னையிலிருந்து வந்து மொய் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பழைய மொய்யாகத் திரும்பியது, கூடுதலையும் சேர்த்து, 4,35,000. உதவியாக வந்தது 2,77,000.

இங்கே நாங்கள் செய்த ஒரு ஏற்பாட்டை மற்ற ஊர்க்காரர்களும் செய்யலாம். வாசலில் மைக் வைத்து, பழைய மொய் செய்பவர்கள் மேசைக்கு வரவும், உதவி செய்ய நினைப்பவர்கள் உண்டியலில் போடவும், புது மொய் எழுதப்படமாட்டாது என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அப்படியும் சிலர் மேசையில் வந்து "எம்பேர எழுதுப்பா" என்று அடம்பிடித்தார்கள். பேர் நோட்டில் ஏறாமல் பணம் கொடுத்து எங்கள் ஆட்களுக்குப் பழக்கம் இல்லை. எழுதியிருந்தால் அது நாளைக்கு அந்தக் குடும்பத்தின் கடன். அதற்கென்று தனியாக ஒரு ரசீது புத்தகம் அச்சடித்து, 'மருத்துவ உதவி, திருப்பிச் செய்ய வேண்டியதில்லை' என்று மேலேயே போட்டுக் கொடுத்த பிறகு சமாதானமானார்கள். உங்கள் ஊரில் மொய் வழக்கம் இல்லாவிட்டாலும் சரி, கொடுக்கிற பணம் கடனா உதவியா என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது அது சண்டையாக வெடிக்கும்.

விருந்தால் வந்த தொந்தரவைவிட வாட்ஸ்அப்பால் வந்த தொந்தரவுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன்கள், பையன் படத்தையும் அண்ணன் வங்கிக் கணக்கையும் போட்டு ஒரு போஸ்டர் அடித்துவிட்டார்கள். முடி கொட்டி, மூக்கில் குழாயோடு இருக்கிற படம். அது எங்கெங்கோ சுற்றியது. யார் யாரோ முகம் தெரியாதவர்கள் நூறு, ஐந்நூறு என்று போட்டார்கள், உண்மையிலேயே நெகிழ்ந்துபோனோம். கொஞ்ச நாளில் அதே படத்தோடு, வேறு ஜிபே எண் போட்ட போஸ்டர் ஒன்று எனக்கே வந்தது. எவனோ எண்ணை மட்டும் மாற்றி விட்டிருக்கிறான். எத்தனை பேர் அதில் ஏமாந்தார்களோ. நாங்கள் மறுப்பு போட்டால் அது பத்துப் பேருக்குப் போகிறது, போலி நூறு பேருக்குப் போகிறது.

அடுத்தது அதைவிட மோசம். ஒருநாள் அண்ணன் சென்னையிலிருந்து அழைத்து, ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை என்றார். வங்கியில் போய்க் கேட்டால், கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்கிறார்கள். உதவியாக வந்த தொகைகளில் ஏதோ ஒன்று வேறு மாநிலத்தில் நடந்த இணையமோசடிப் பணத்தின் தடத்தில் இருக்கிறதாம். அந்த மாநிலப் போலீஸ் சொன்னதால் நிறுத்திவைத்திருக்கிறார்களாம். கணக்கில் இருந்தது 1,90,000 ரூபாய். அந்த வாரம் கீமோ, அதாவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிற சிகிச்சை. காப்பீடு இருந்ததால் சிகிச்சை நிற்கவில்லை. ஆனால் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கையில் காசு இல்லாமல் அண்ணன் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார். யாரைக் கேட்டாலும் "எங்க கையில இல்ல" என்ற பதில்தான். மருத்துவமனைச் சான்று, விருந்துப் பத்திரிகை, ஊராட்சித் தலைவர் கடிதம், போஸ்டர் பிரதி எல்லாவற்றையும் இணைத்து அந்த மாநிலக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி, தொலைபேசியில் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கெஞ்சி, கணக்கு திறக்க ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த நாட்களில் யார் மேலெல்லாமோ எரிந்து விழுந்தேன். கடையைப் பெரும்பாலும் பூட்டித்தான் வைத்திருந்தேன்.

அதனால் சொல்கிறேன். குடும்பத்தின் அன்றாடக் கணக்கை போஸ்டரில் போடாதீர்கள். உதவிக்கென்று தனிக் கணக்கு இருக்கட்டும், அதில் பணம் தேங்கவும் விடாதீர்கள். பெரிய தொகை கொடுப்பவர்களை, நோயாளியின் பதிவு எண்ணைச் சொல்லி மருத்துவமனைக் கணக்கிலேயே நேராகக் கட்டச் சொல்லுங்கள். அங்கிருந்து ரசீதும் வந்துவிடும். இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாக வந்தால் அதை வருமானமாகக் கணக்கிட வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு என்று எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் சொன்னார். நல்லது செய்யப்போய் என் கணக்கில் வாங்கியிருந்தால் அது என் வருமானமாக நின்றிருக்கும்! எதுவானாலும் பில்களையெல்லாம் பத்திரமாக வையுங்கள். போஸ்டரில் தேதி போடுங்கள், எந்தத் தேதி வரை என்றும் போடுங்கள். பையன் படம் தேவையே இல்லை. அவன் வளர்ந்து பெரியவனாகி ஒருநாள் அந்தப் படத்தைப் பார்ப்பான். போலி போஸ்டர் வந்தால் இணையமோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

ரத்தம் கொடுக்கிற விஷயத்தில் எங்கள் பையன்கள் ஆர்வக்கோளாறு. தட்டணு, அதாவது ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட், தேவை என்று தகவல் வந்ததும் ஒரு வேன் நிறைய ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். போனால் அங்கே தேவைப்பட்டது ஓரிருவர்தான். தட்டணுவை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. எல்லோரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் அடுத்த வாரம் யாரும் இருக்கமாட்டார்கள். முழு ரத்தம் கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க மூன்று மாதம் ஆகவேண்டும், பெண் என்றால் நான்கு மாதம். அப்புறம் அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கிற எங்கள் பக்கத்துப் பையன்களின் பட்டியல் ஒன்று தயார் செய்தோம். பேர், ரத்த வகை, ஷிப்ட் நேரம், கடைசியாகக் கொடுத்த தேதி. மருத்துவமனையிலிருந்து சொன்னால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போன் போகும். இயந்திரம் வழியாகத் தட்டணுவை மட்டும் எடுக்கிற முறையில் ஒருவரே போதும். ஆனால் அதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும், நரம்பு நன்றாக இருக்க வேண்டும், மூன்று நாட்களுக்குள் ஆஸ்பிரின் மாத்திரை போட்டிருக்கக் கூடாது. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு இட்லியைத் தின்றுவிட்டு வந்து படுத்த பையன்கள் இருக்கிறார்கள். யாரும் இவர்களுக்கு மாலை போடவில்லை.

இடையில் டாக்டர் அனுமதி கொடுத்துப் பையனைச் சில நாள் ஊருக்குக் கூட்டிவந்தார்கள். பார்க்க வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், திராட்சை, ஆப்பிள். கீமோ போடும்போது வெள்ளணு குறைந்துவிடும், சாதாரணச் சளியே ஆளைச் சாய்த்துவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் கன்னத்தைத் தடவிக் கொஞ்சாமல் போனால் பாசம் இல்லை என்று எங்கள் ஊரில் அர்த்தம். அண்ணியால் வயதான அத்தைகளிடம் "தொடாதீங்க" என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்தப் பொல்லாப்பை நான்தான் ஏற்றுக்கொண்டேன். வாசலில் கயிறு கட்டினேன். எங்கள் சொந்த அத்தையே என்னோடு இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை, போகட்டும்.

அப்படியும் ஒன்று நடந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து அவனோடு கேரம் விளையாடிவிட்டுப் போனாள். மறுநாள் பார்த்தால் அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது. வேப்பிலை கட்டிவிட்டார்கள், வீட்டை விட்டு யாரும் வெளியே வரவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. அம்மா வந்திருக்கிற வீட்டில் அதை வெளியே பேசுவது வழக்கம் இல்லைதானே. தற்செயலாக எனக்குத் தெரியவந்தபோது கை கால் ஆடிப்போய்விட்டது. சின்னம்மை கொப்புளம் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். கீமோவில் இருக்கிற குழந்தைக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும், முன்னெச்சரிக்கையாக ஊசியோ மருந்தோ கொடுப்பார்கள். அன்று ராத்திரியே கார் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினோம், வாடகை 9,500. தப்பித்தான். அந்தச் சிறுமியின் அம்மா பல வாரம் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள்மேல் என்ன குற்றம்? யாரும் அவளுக்குச் சொல்லிவைக்கவில்லை. அதற்கப்புறம் தெருவில் எந்த வீட்டில் காய்ச்சல், அம்மை என்றாலும் முதல் போன் எனக்கு வரும் என்று ஏற்பாடு ஆனது. காய்ச்சல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட குழந்தைக்கு உடம்பு 100.4 டிகிரியைத் தொட்டால், நடு ராத்திரியானாலும் மருத்துவமனையைக் கேட்க வேண்டும். வீட்டிலேயே காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து இறக்கிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. பார்க்கப் போகிறவர்கள் பழம் வாங்கிப் போவதற்குப் பதில் அந்தக் காசைக் கவரில் வைத்துக் கொடுங்கள், அல்லது அந்த வீட்டு ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுங்கள்.

ஆடு என்றதும் மூத்த பெண் ஞாபகம் வருகிறது. எட்டாம் வகுப்பு. தம்பியைத் தூக்கிக்கொண்டு அப்பா அம்மா சென்னைக்குப் போனதும், இவள் கண்பார்வை மங்கிய பாட்டியோடு தனியாக. காலையில் எழுந்து சமைத்து, ஆட்டை மாற்றிக் கட்டி, பள்ளிக்கூடம் போய்வந்து, பாட்டிக்குச் சொட்டு மருந்து போட்டுவிட்டுப் படுப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "தம்பி எப்படி இருக்கான்?" என்றுதான் இவளிடம் கேட்பார்கள். நானும் தினமும் பார்க்கிறேன், நன்றாகத்தானே இருக்கிறாள் என்று போய்க்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் குறைந்துவிட்டாள் என்று அவளுடைய டீச்சர் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது, அவள் வகுப்பில் யாரோடும் பேசுவதே இல்லையாம். அப்புறம் அந்த டீச்சரே சாயங்காலம் தன் வீட்டில் உட்காரவைத்துப் படிக்கவைத்தார். இரவுச் சாப்பாடு தெருவில் வீட்டுக்கு ஒருநாள் முறை. தம்பிக்கு வந்த பணத்தில் அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கினோம். "வைத்தியத்துக்குக் குடுத்த காசுல சைக்கிளா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

உண்மையில் கஷ்டமான காலம் ஆறேழு மாதம் கழித்துத்தான் வந்தது. தீவிரமான கீமோ முடிந்து, மாத்திரையும் மாதாமாதம் ஊசியுமாக நீளுகிற கட்டம். பையனுக்கு முடி முளைத்துவிட்டது, சிரிக்கிறான், ஊருக்கு அவன் குணமாகிவிட்டான். ஆனால் மாத்திரையை இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் விடாமல் கொடுக்க வேண்டும். பாதியில் விட்டால் நோய் திரும்பும். அண்ணன் மாதம் இரண்டு மூன்று முறை வேலையை விட்டுவிட்டுச் சென்னை போகவேண்டும். இந்தக் கட்டத்தில் ஒருவரும் பணம் தருவதில்லை, கேட்டாலும் "இன்னுமா?" என்கிறார்கள். முதல் மாதம் வந்த வெள்ளத்தை அணை போட்டுத் தேக்கிவைக்காவிட்டால் இந்தக் கோடையில் குடும்பம் காய்ந்துவிடும். நாங்கள் விருந்துப் பணத்தில் மூன்று லட்சத்தைத் தொடாமல் வங்கியில் போட்டு, மாதம் ஒரு தொகையாகப் பிரித்துக் கொடுத்தோம். டீக்கடைக்காரர் ஒருவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கு விலை சொல்லாமல் உண்டியல் வைத்தார். அது கடைசிவரை நின்றது. ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு. மருத்துவமனையில் படிவத்தில் கையெழுத்து வாங்கி, முன்பதிவுக் கவுன்டரில் கொடுத்தால் படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணம் கிடையாது, துணைக்குப் போகிற ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இது தெரியாமல் பல மாதம் பஸ்ஸுக்கு அழுதோம். சென்னையில் குழந்தைப் புற்றுநோயாளிகளின் குடும்பங்கள் இலவசமாகத் தங்குகிற இடங்களும் உண்டு. மருத்துவமனையில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார், அவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். டாக்டர் இதையெல்லாம் சொல்லமாட்டார், அவருக்கு நேரம் இல்லை.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கடை பூட்டிக் கிடந்ததில் எனக்கு நாற்பதாயிரம் ரூபாயாவது போயிருக்கும். வீட்டில் சண்டை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். "அவன் சும்மாவா ஓடி ஓடிப் பாக்குறான்?" என்று ஒருவர் சலூனில் பேசியது காதுக்கு வந்தபோது நோட்டைத் தூக்கி எறிந்துவிடலாம் போல இருந்தது. அந்தப் பெரியப்பாதான் சொன்னார், "கேக்கட்டும்டா, கேக்குறவனுக்குத்தான் காட்டணும்." அன்றிலிருந்து மாதாமாதம் வரவு செலவை ஜெராக்ஸ் எடுத்து டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். பணத்தை எடுக்க இரண்டு பேர் கையெழுத்து, கணக்கு எழுத மூன்றாவது ஆள் என்று பிரித்தோம். ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்கிற ஊரில் இந்த வேலைக்கு அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

2024 கடைசியில் மாத்திரையை நிறுத்தினார்கள். இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறான், குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை. கையில் 38,000 ரூபாய் மிச்சம் இருந்தது. கொடுத்தவர்களுக்கே பிரித்துக் கொடுக்கலாம் என்றார்கள் சிலர், கோயிலுக்குப் போடலாம் என்றார்கள் சிலர். ஐந்து வருடத்துக்குப் பரிசோதனைச் செலவுக்கு அப்படியே கிடக்கட்டும், ஒவ்வொரு ஆடியிலும் கணக்கு வாசிப்பது என்று முடிவானது. அண்ணன் மண்டி வேலைக்குத் திரும்பிவிட்டார், இந்த வருடம் இரண்டு விருந்துகளில் மொய்யும் செய்துவிட்டார். இந்த ஆடியில் கணக்கு வாசித்தபோது, சலூனில் பேசிய அதே ஆள் எழுந்து, போன மாதச் சென்னைப் பயணத்தில் ஆட்டோவுக்கு 150 ரூபாய் என்று போட்டிருக்கிறதே, அதற்குப் பில் எங்கே என்று கேட்டார். ஆட்டோவுக்கு எவன் பில் கொடுக்கிறான் என்று பெரியப்பா சத்தம் போட, கூட்டம் அதோடு கலைந்தது. அந்த 150 இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.